பிளக்கைப் பிடுங்கிய பிறகு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கதை கட்டத் தெரியாது. பொய் சொன்னால் காது மடல் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். கல்யாணமான இந்தப் பதினோரு வருடமாக நான் அதை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். அன்றைக்கு அவர் இதைச் சொன்னபோதும் முதலில் காதைத்தான் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது அவர் தொழில். அதிலும் சத்தம் போடாத கம்ப்யூட்டர். குரல் பதிவு செய்கிறவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் என்று அவரைத் தேடி வர ஒரு கூட்டம் உண்டு. வீட்டில் நான் மிக்ஸி போட்டால்கூட முகத்தைச் சுளிப்பார்.

அந்தப் பெண் வந்தது போன மாதம். கட்டப்போகும் வீடுகளை நிஜம் போலவே கம்ப்யூட்டரில் படமாக்கித் தரும் வேலை, வீட்டிலிருந்தபடியே. மெஷின் மணிக்கணக்கில் கொதிக்கும், ஃபேன்கள் அலறும். இருப்பதோ ஒரே அறை. அதே அறையில்தான் தொட்டில். ஆறு மாதப் பெண் குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது. தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்றுவிடுமாம். உடனே உள்ளங்காலைத் தட்டினால் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தட்டுவதற்கு முதலில் நின்றது தெரிய வேண்டுமே.

"எனக்கு அவ மூச்சு கேக்கணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாளாம்.

மனுஷன் உருகிவிட்டார். இரண்டு வாரம் அந்த ஒரு மெஷினையே கட்டிக்கொண்டு அழுதார். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால் இரையும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே அந்தக் காற்று கிடைத்துவிடும் என்று எனக்குப் பாடம் வேறு. கை அகலத்துக்கு மூன்று ஃபேன். சூட்டை இழுத்துக்கொள்ள, செங்கல் கனத்துக்கு ஒரு ஹீட்சிங்க். அதிர்வு பரவாமலிருக்க ரப்பர். முன்பக்கம் முழுக்க வலை. அத்தனையும் புதுச் சாமான்கள், அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொடுத்ததே நான்தான்.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் வைத்தார். பட்டப்பகல். பேய்க்கு ராத்திரிதான் டூட்டி என்று யார் சொன்னது?

மணி 2:20. அவள் காட்டிய மூலையில் மெஷினை வைத்தார். எதிர்ச்சுவர் ஓரமாகத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, முன்வலையில் ஒன்றும் பின்பக்கம் ஒன்றும் தொங்குகிற மாதிரி ஒட்டுவார். மெஷின் ஓடும்போது முன்தாள் உள்ளே இழுபட்டு வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்தாள் வெளியே பறக்க வேண்டும். அப்படியிருந்தால் காற்று சரியான வழியில் போகிறது என்று அர்த்தம்.

அரைமணி நேரம் முழு வேலை கொடுத்து ஓடவிட்டார். 2:55. சூடு 63 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. சத்தம் என்று ஒன்றுமே இல்லை. அவள் கண்கலங்கி நின்றாளாம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. முன்தாள் வலையில் ஒட்டியது… விட்டது… மறுபடி ஒட்டியது. ஃபேன் வேகத்தைப் பார்த்தார். ஒரே சீராக நிமிஷத்துக்கு 600 சுற்று. டேப்தான் சரியில்லை என்று தாளைப் பிய்த்து மறுபடி ஒட்டினார்.

3:05. குழந்தையின் மருந்து தீர்ந்துபோயிருந்தது. கீழே இருக்கும் மருந்துக்கடைக்குப் போய்வர அவள் செருப்பை மாட்டினாள்.

"பத்தே நிமிஷம் சார். காது மட்டும் இங்கயே இருக்கட்டும். நின்னா காலைத் தட்டுங்க."

அவள் போனதும் கடைசிச் சோதனை. மெஷினை நிறுத்திவிட்டு, அறைக்கென்று எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பார். ஜன்னலைச் சாத்தினார். 3:09க்குப் பிளக்கைப் பிடுங்கினார். ஒலி அளக்கும் மீட்டரைத் தரையில் வைத்தார்.

31 டெசிபல். அப்புறம் 34. மறுபடி 31. மறுபடி 34.

குழந்தையின் மூச்சு. ஸ்… ஹா… ஸ்… ஹா… அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கிற வரைக்கும் கவலையில்லை அல்லவா?

3:13. கண்ணைத் திறந்தார்.

முன்தாள் அசைந்துகொண்டிருந்தது.

ஸ்… வலையோடு ஒட்டியது. ஹா… வெளியே வந்தது.

பிளக் அவர் மடியில் கிடந்தது.

தவழ்ந்து போய் வலைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்தார். கன்னத்தில் காற்று பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. லேசாகப் பால் வாடை.

சத்தம் வந்தது அங்கிருந்துதான்.

அப்படியென்றால் தொட்டிலிலிருந்து…

ஓடினார். குழந்தை அசையவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

உள்ளங்காலைத் தட்டினார். இல்லை. பலமாகத் தட்டினார். இல்லை. தூக்கி முதுகைத் தடவினார், பெயர் தெரியாமல் 'பாப்பா, பாப்பா' என்று கூப்பிட்டார். தலை தொய்ந்து அவர் தோளில் விழுந்தது.

பின்னால்… ஸ்… ஹா… ஸ்… ஹா…

நிதானமாக. ஆழ்ந்து தூங்குகிற மாதிரி.

எப்படித் தோன்றியதோ, மெஷின் பக்கம் திரும்பி மண்டியிட்டார். அழுதார்.

"விட்டுடு கண்ணு… இவளை விட்டுடு…"

ஏன் 'கண்ணு' என்று கூப்பிட்டார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

தாள் உள்ளே இழுபட்டது.

வலையோடு ஒட்டியது.

அப்படியே நின்றது.

ஒன்று… இரண்டு… மூன்று…

தோளில் கிடந்த குழந்தை வீறிட்டது.

3:17.

அவள் திரும்பி வந்தபோது இவர் குழந்தையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாராம். மூச்சு நின்றது, தட்டினேன், வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்த நன்றிதான் தன்னைக் கொன்றுவிட்டது என்றார். நாலு நிமிஷம் வேறு எதையோ கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் அல்லவா. அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவர், விடியும்வரை என் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

ஆறாம் நாள் காலை 7:40க்கு அவருடைய போன் அடித்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். அந்தப் பெண்தான். மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"மெஷின்ல சத்தமே இல்லக்கா." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ரெண்டு மூச்சு கேக்குது."

இன்றைக்கே அவர் வந்து மெஷினை எடுத்துக்கொள்வார், வேறு ஏற்பாடு செய்து தருவார் என்று படபடவென்று சொன்னேன்.

"எடுக்காதீங்கக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

அப்புறம்தான் சொன்னாள். பிறந்தது ரெட்டைப் பெண்கள். இரண்டு மாதம் முன்னால் ஒரு மத்தியானம், மெஷினுக்குப் பெரிய வேலை கொடுத்துவிட்டு இவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில், பெரியவளின் தொட்டில். எழுந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

"பழைய மெஷின் இரைச்சல்ல எனக்குக் கேக்கவே இல்லக்கா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்போ ரெண்டு பேரோடதும் கேக்குது. ராத்திரி பகலா தொட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவுல உக்காந்து கேக்குறேன். தூங்கி ஆறு நாளாச்சு." மூக்கை உறிஞ்சினாள். "சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கக்கா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணு நின்னா… நின்னது எவளோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"