வண்டியின் காதில் விழாமல்

எண்பதுகளின் பிற்பகுதியில், மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையோரம் இருந்த ஒரு வாடகைக் கார் ஷெட்டில் அப்பா டிரைவராக இருந்தார். பட்டப்படிப்பை முடித்து, வேறு வேலை அமையாமல் இருந்த என்னை முதலாளி அங்கேயே தொலைபேசி எடுக்கவும் நோட்டு எழுதவும் வைத்துக்கொண்டார்.

நோட்டு, ஸ்பேர் வண்டிக்கானது. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு வண்டி உண்டு. அதன் நோய்நொடி அவருக்கு அத்துப்படி. அது பழுதுபார்க்கப் பிரிக்கப்பட்டால், சரியாகும்வரை பழுப்பு நிறத்தில் ஓரமாக நின்ற ஸ்பேர் வண்டியை எடுத்துப் போவார். எல்லோரும் ஓட்டியது, ஒருவருக்கும் சொந்தமில்லாதது. இன்று ஓட்டியவர் நாளை ஓட்டப்போகிறவரைச் சந்திக்க வாய்க்காது. ஆகவே இறங்குகிறவர் சொல்வதை நான் எழுதிவைப்பேன். ஏறுகிறவர் அதைப் படித்துவிட்டுச் சாவியை எடுப்பார்.

"ஸ்டியரிங் லெப்ட்லயே இயுக்குது பாப்பா. கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குக் கெளம்பின பொண்ணு மாரி. எத்தினி வாட்டி திருப்பினாலும் அந்தப் பக்கமே போவுது."

"ஏரிக்கரை மேட்டுல நான் எறங்கி அதைத் தூக்கிகினு ஏறலாம் போல கீது."

இப்படித்தான் சொல்வார்கள். "ஸ்டியரிங் இடப்புறம் இழுக்கிறது, மேட்டில் வலுவில்லை" என்று நான் எழுதுவேன். அவர்கள் பேச்சிலிருந்த உயிர் என் எழுத்தில் வடிந்துவிடும். செய்தி மட்டும் நிற்கும். அதற்காகவே என்னை மதித்தார்கள்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குறையை வண்டியின் காதுபடச் சொல்லக்கூடாது. பழித்துப் பேசினால் அது பாதி வழியில் பழிவாங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வண்டியருகே நிற்கும்போது பானெட்டைத் தட்டி, "தங்கமாட்டம் கீது" என்பார்கள். பிறகு என்னை அழைத்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிரிலிருந்த டீக்கடைக்குப் போவார்கள். அங்கே வண்டிக்கு முதுகு காட்டி நின்று உண்மையைச் சொல்வார்கள். ஷெட்டில் சொன்னது மரியாதை. டீக்கடையில் சொன்னதுதான் நோட்டுக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, ஆனால் ஒருநாளும் தவறாமல், கடைப்பிடித்தேன்.

ஐப்பசி மாதத்து ஒரு மாலை. மழை பிடித்துக்கொண்டு, சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அப்பாவின் வயதுடைய ஒரு டிரைவர் ஸ்பேர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் மடியில் நூலகத்திலிருந்து எடுத்த நாவல் விரிந்திருந்தது. இன்னும் சில பக்கங்களே பாக்கி. முகத்தைத் துண்டால் துடைத்தபடி அவர் பானெட்டின் மேல் கை வைத்தார்.

"தங்கமாட்டம் கீது பாப்பா."

சொல்லிவிட்டு டீக்கடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. "குறை இல்லை" என்று எழுதி நோட்டை ஆணியில் மாட்டினேன். அவர் சிறிது நேரம் நின்றார். பின்பு ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அப்பாவுக்குக் கூடுவாஞ்சேரியில் ஒரு சவாரி. அவருடைய வண்டி கிளட்ச் வேலைக்காகப் பிரிந்து கிடந்தது. ஸ்பேர் சாவியை எடுக்குமுன் நோட்டை விளக்கடியில் கொண்டுபோய்ப் படித்தாராம். "எம் பொண்ணு எழுதியிருக்கா. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றாராம். காவலாளி பின்னால் என்னிடம் சொன்னது.

பீர்க்கன்கரணை தாண்டுமுன் மாடுகள் குறுக்கே வந்தன. பிரேக் பிடிக்கவில்லை. அப்பா வண்டியை ஒடித்து ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

அரசு மருத்துவமனையில், நசுங்கிய காலை வெட்டி எடுத்த நான்காம் நாள், அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் அப்பா கேட்டார்.

"அவன் எங்க நின்னு சொன்னான்?"

நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"டீக்கடையிலயா, வண்டி பக்கத்துலயா?"

"வண்டி பக்கத்துல. மழைப்பா."

அவர் பார்வையை மேலே சுழன்ற மின்விசிறிக்குத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதை வெளியில சொல்லாதே. இனிமே வீட்டுல வேலைக்குப் போறது நீ ஒருத்திதான்" என்றார்.

முதலாளிக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. நோட்டில் இருந்ததைத்தான் அவர் பார்த்தார். அந்த டிரைவரைக் கூப்பிட்டு, என் மேஜைக்கு முன்னாலேயே நோட்டை விரித்துக் காட்டினார்.

"குறை இல்லைன்னு சொன்னியா, இல்லையா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "சொன்னேன் மொதலாளி" என்றார். அது பொய்யுமல்ல. அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் கண்ணெதிரே சுவரில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவர் பார்க்க வந்தார். கையில் நாலைந்து சாத்துக்குடி. நாற்காலியில் உட்காராமல் அப்பாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா, ஒத்தக் கால்ல நின்னு பிரேக் போட்டியாமே!" என்றார். அப்பா சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். வேலை போனதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் காபி கொண்டுவந்து நீட்டினேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் அவர் சொன்னார்:

"ரெண்டு வாட்டி மிதிச்சாத்தான் புடிக்குதுன்னு சொல்லணும்னுதான் நின்னேன் பாப்பா. புஸ்தகம் படிச்சிகினு இருந்தியா... கூப்ட்டா நனைஞ்சிடுவியேன்னு வுட்டுட்டேன். என் மேலதான் தப்பு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா சொல்லாதே என்று சொன்னது வெளியாரிடம், இவரிடம் அல்ல. நான் காலி டம்ளருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் குடித்து முடித்து, டம்ளரைத் தந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் வழக்கம்போல ஷெட்டுக்குப் போய், ஆணியிலிருந்து நோட்டை எடுத்தேன்.