இடுப்பளவு பாத்தி

எங்கள் ஊரிலேயே முதன்முதலில் மேடைப் பாத்தி கட்டித் தோட்டம் செய்தவன் நான்தான். இல்லை, பொய். கட்டியவர் உம்மாவின் தம்பி, என் மாமா; கட்டச் சொன்னது உம்மா. நான் செய்ததெல்லாம் அதைக் கெடுத்தது. அதில் மட்டும் எனக்குப் பங்காளி யாருமில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடமும் நானும் ஒத்துவராமல் பிரிந்து ஒரு வருடம். வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போயும் அதே ஒரு வருடம். உம்மா இரண்டு வருட வீட்டு வேலைக்குச் சவூதி போகப்போகிறா என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் வளவு கடற்கரை மணல். மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் கால் சுடும். அதனால் சூறாவளியில் விழுந்த தென்னங்குற்றிகளை நாலு பக்கமும் அடுக்கி, உள்ளே தேங்காய்ப் பொச்சும் சருகும் சாணமும் போட்டு, மேலே நல்ல மண் பரப்புவது உம்மாவின் திட்டம். இரண்டு குற்றி ஏறியதும் மாமா கை மண்ணைத் தட்டிவிட்டார்.

“காணும் ராத்தா. இதுக்கு மேல உசந்தா ஆளை அடக்கின கபுறு மாதிரிக் கிடக்கும்.”

“இன்னொண்டு வை. கறிக்கெண்டு இவன் ஒருத்தர்ட்டயும் கை நீட்டப்படாது.”

என்னைக் கூப்பிட்டுக் குற்றியோரம் நிறுத்தி, இடுப்பில் கை வைத்து அளந்தா. சுன்னத்துக்கு உடுத்துகிற சாரம் எடுக்க அளக்கிறா என்று நினைத்துப் பகல் முழுக்கக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தேன்.

மேல்மண் என் பொறுப்பு. மாவடிப்பள்ளி வயலோரத்தில் அள்ளி, மாமாவின் சைக்கிளில் சாக்கைக் கட்டி உருட்டிவர வேண்டும். பாதி வழியில், கடலோடு சேருகிற களப்போரம் கறுகறுவென்று சேறு கிடந்தது. இதைவிட நல்ல மண் எது என்று அதையே அள்ளினேன். மிச்ச நேரம் கிளித்தட்டு விளையாட்டு. எட்டு நாள், எட்டுச் சாக்கு. உம்மா என் தலையைத் தடவினா. நானும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கத்தரி, வெண்டி, பயிற்றை நட்டா. ஒரு கிழமைக்குள் நுனி கருகி எல்லாம் சாய்ந்தன. உம்மா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினா.

“எங்கெடா அள்ளின?”

“மாவடிப்பள்ளியிலதான்.”

“மாவடிப்பள்ளிக்குக் கடல் எப்ப வந்த?”

அடி விழும் என்று முதுகை வளைத்துக் காத்திருந்தேன். விழவில்லை. உம்மா அந்தச் சேற்றையெல்லாம் வழித்துக் கொட்டிவிட்டு, தானே நடந்துபோய்த் தலையில் மண் சுமந்தா. ஒரு நாளைக்கு இரண்டு நடை. இப்படி அவசரப்பட்டு நான் அவவைக் கண்டதில்லை. மாரி வரப்போகிறது, அதுதான் என்று நினைத்தேன்.

இரண்டாம் தரம் நட்ட கத்தரியில் நாலு இலை வந்த அன்று விடிய, உம்மா கொழும்பு பஸ்ஸில் ஏறினா.

“எப்ப வருவீங்க?”

“கத்தரி காய்க்கட்டும் மகன்.”

அதை அப்படியே நம்பினேன். சீக்கிரம் காய்க்கட்டும் என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றினேன். குனியாமலே ஊற்ற முடிந்தது. ஏன் முடிந்தது என்று யோசிக்கிற மூளை எனக்கு எங்கே?

முதல் கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டு, தங்கச்சியையும் கையில் பிடித்துக்கொண்டு, றோட்டோரம் போய் நின்றேன். கொழும்பு பஸ் வந்தது. உம்மா தூரத்திலேயே காணட்டும் என்று காயைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். ஆட்கள் இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கியதும் கொண்டக்டர் என்னைப் பார்த்து…

“காக்கா, சோறு ஆறுது. எத்தின தரம் கூப்புடுற?”

தங்கச்சிதான், அடுப்படியிலிருந்து; இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. போகிறேன். அந்த றோட்டோரத்துக்குப் பிறகு காத்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்காது.