கருவியில் ஒட்டியிருந்த பொட்டு

முதல் தடவை அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றபோது, மின்விசிறிக்குக் கீழே ஒரு மீன் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நல்ல நீல நிறம். சோபாவின் முதுகை உரசிவிட்டு, டிவிக்குப் பின்னால் மறைந்து, சமையலறை வாசல் வழியாகத் திரும்ப வந்தது. நடுவே என் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மீன் அவள் காதருகே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"என்னுங்க, அப்படியே நின்னுட்டீங்க?"

"அசையாதே. உன் காதுகிட்ட மீன்."

"புடிங்க, குழம்பு வெச்சுரலாம்" என்றாள்.

அவள் மார்டள்ளிப் பெண்; கர்நாடக எல்லையோரத்தில் கொங்குத் தமிழ் பேசுகிற ஊர். கல்யாணமாகி மைசூருக்கு வந்து இருபது வருஷமாகியும் அந்த 'ங்க' போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நோயாளிகளிடம் நாள் முழுக்கக் கன்னடம் பேசுவாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஊர்த் தமிழ் வந்துவிடும். நான் ரயில்வேக்காரர் பிள்ளை, மைசூரிலேயே பிறந்தவன். என் வாயில் 'சும்மா'கூட 'சும்னே' என்றுதான் வரும். அதைச் சொல்லிக் காட்டுவது அவளுக்குத் தினசரிப் பொழுதுபோக்கு. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மைசூர் ஹெப்பாளில், பெரிய கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்புகிற சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டில் வடிவமைத்து அனுப்புகிற ஹெட்செட்டுகளை மாட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். கண்ணை மூடி வேறு உலகத்தைக் காட்டுகிற ரகம் அல்ல இது. முன்பக்கத்தில் இருக்கிற கேமராக்கள் நாம் நிற்கிற அறையையே படம் பிடித்துக் கண்ணுக்குக் காட்டும். அதன்மேல் இல்லாத பொருள்களைக் கொண்டுவந்து வைக்கும். அறை நிஜம், மீன் பொய். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் தெரியும். நிஜமும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், மார்கழிக் காலையில் வாசலைப் பார்க்கிற மாதிரி. அதைக் குறை என்று அறிக்கையில் எழுதுவேன். மனசுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

மற்ற குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. கழுத்து இற்றுப்போகும் கனம். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. நெற்றி கொதிக்கும், கன்னத்தில் தழும்பு விழும். கண்ணாடியைக் கண்டால் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். இவையெல்லாம் எல்லா ஊர்க்காரர்களும் எழுதுகிற குறைகள். எங்கள் அறிக்கையில் மட்டும் 'நெற்றி' என்று தனியாக ஒரு பத்தி உண்டு. விபூதி, குங்குமம், சந்தனம், ஸ்டிக்கர் பொட்டு, அதெல்லாம் போதாதென்று பின்பக்கப் பட்டையில் சிக்குகிற பின்னலும் மல்லிகையும். வடிவமைத்த மகானுபாவர்கள் இதையெல்லாம் நினைத்தே பார்க்கவில்லை. காலையில் வந்ததும் நெற்றிப் பஞ்சைத் துடைப்பதுதான் எங்கள் முதல் வேலை. வெள்ளிக்கிழமையானால் துடைக்கிற துணி சிவப்பாகிவிடும்.

அந்த வருஷம் என் மனைவிக்கு அயர்லாந்தில் ஒரு முதியோர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஆங்கிலப் பரீட்சையில் மூன்று தடவை தவறி, நான்காவது தடவை தேறினாள். அவளாக ஆசைப்பட்டது, அவளாக வாங்கியது. எனக்கு அதில் பெருமைதான். கேட்டவர்களிடமெல்லாம், "போகட்டும்பா, அவளும் நாலு எடம் பாக்கட்டும்" என்று சொன்னேன். தடுக்காத புருஷன் என்று நாலு பேர் சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்தது. ராத்திரி படுத்தால் மட்டும் தூக்கம் வராமல், அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்தான். எங்கள் வீட்டு வளர்ப்பே அப்படி. அப்பா மாற்றலாகி ஹூப்ளிக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டது, "டிபன் டப்பா எடுத்துட்டீங்களா?" அவ்வளவுதான்.

சொல்வதற்குப் பதிலாக நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் வீட்டையே அந்தக் கருவிக்குள் ஏற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவர், கூரை, கட்டிலடி என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தால், அது அறையை முப்பரிமாணத்தில் அளந்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளும். ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கருவி ஒன்றை அனுமதி கேட்டு வாங்கி அவள் பெட்டியில் வைத்துவிட்டால், அவள் அங்கே மாட்டிக்கொண்டு இந்தக் கூடத்தில் வந்து நிற்கலாம். நானும் இங்கே மாட்டிக்கொள்வேன். பிரிவு என்ற ஒன்றே இல்லாமல் செய்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன்.

"டாங்கா குதிரைக்குக் கண்ணோரத்துல கட்டுவாங்களே, அதாட்டமே இருக்குதுங்க" என்பாள், நான் அதோடு சுற்றுவதைப் பார்த்து.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு மாட்டிக் காட்டினேன். கூடத்தில் நீல மீன்களைப் பார்த்துக் குழந்தை மாதிரி கையை நீட்டினாள். பிறகு நான் கருவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனேன். அவள் கழற்றி, நான் சொல்லிக் கொடுத்தபடியே லென்ஸ் அடியில் படாமல் நிமிர்த்தி, சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். நடந்தது இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே, புருவத்துக்கு நேராக, கடுகளவு சென்சார் ஒன்று இருக்கிறது. அதன் எதிரே ஏதாவது இருந்தால், யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்று கருவி நினைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தூங்கிவிடும். நாங்கள் சோதனைக்குப் போட்டிருந்த மென்பொருள், கருவி விழித்திருக்கிறவரை முன்னால் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும். திங்கட்கிழமை ஆபீஸில் அதை எடுத்தபோது பேட்டரி சுத்தமாக வற்றிக் கிடந்தது. உள்ளே பார்த்தேன். அவளுடைய சின்ன மெரூன் பொட்டு சரியாக அந்தச் சென்சார்மேல் ஒட்டியிருந்தது. எந்த வடிவமைப்பாளரும் கனவிலும் நினைக்காத கோளாறு. அறிக்கைக்கு நல்ல தீனி என்று குஷியாகி, சார்ஜ் ஏற்றி, தலையில் மாட்டிக்கொண்டு பதிவை ஓட்டினேன்.

அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில், முழு உருவமாக, மடியில் முறத்தோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டு. ஜன்னல் வெளிச்சம் அவள் முழங்கையில் விழுந்தது. கொஞ்ச நேரம் நறுக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தாள். அதாவது மேஜைமேல் இருந்த கருவியை.

"ஏனுங்க, உங்களத்தான். எந்நேரமும் இதைத்தான் மூஞ்சியில மாட்டிட்டுத் திரியறீங்க, அதனால இதுகிட்டயே சொல்லீர்றேன்" என்றாள். "போயிட்டு வா, நல்லாயிருன்னு ஊரே சொல்லியாச்சு. நீங்களும் அதையேதான் சொல்றீங்க. போகாதேன்னு சொல்லச் சொல்லலீங்க. சொன்னாலும் நான் போவேன். நீ இல்லாட்டிக் கஷ்டமா இருக்கும்னு ஒரு வார்த்த சொன்னா, வாயில இருந்து முத்தா உதுந்துரும்? இருவது வருசம் கூட இருந்தவளுக்கு அதுகூட இல்லீங்களா?"

சொல்லிவிட்டு ஒரு பீன்ஸ் காம்பை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். நான் ஆபீஸ் நாற்காலியில் குனிந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. கையை நீட்டினேன்; அவள் தோளுக்குள் புகுந்து போனது. பக்கவாட்டில் சாய்ந்து அவள் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்க முயன்றேன். அவளுடைய காதுக்குப் பின்னால், கேமரா பார்க்காத பக்கத்தில், ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. பக்கத்து மேஜைப் பெண், "ஏனு சார்?" என்றாள். "சும்னே, டெஸ்டிங்" என்றேன்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்தது. "கருவேப்பில கெடைக்கல" என்று என் குரலே எனக்குக் கேட்டது. "பரவால்லீங்க" என்றாள் அவள், ஒன்றும் நடக்காதவள் போல. அவள் நாற்காலிக்குப் பின்னால் நான் நடந்து போனேன். தண்ணீர் குடித்தேன். அவளைப் பார்க்காமலே அறைக்குள் போய்விட்டேன். அவளும் எழுந்து சமையலறைக்குப் போனாள். பேட்டரி தீரும்வரை மீதி ஒரு மணி நேரம் காலி நாற்காலிதான். வெளிச்சம் நாற்காலியிலிருந்து மெல்ல நகர்ந்து தரைக்கு வந்தது. அதையும் முழுக்கப் பார்த்தேன்.

பொட்டை எடுத்து என் அடையாள அட்டையின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். பதிவைக் கருவியிலிருந்தும் ஆபீஸ் கணினியிலிருந்தும் அழித்தேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"ஸ்கேன் நல்லா வந்திருக்கு" என்றேன்.

அடுத்த எட்டு நாளும் இதே கதைதான். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைப்பேன், சாப்பாடு முடிந்துவிடும். விமான நிலைய பஸ்ஸில் அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். நான் அருகில் போய்க் கேட்டேன்: "பவர் பேங்க் எடுத்துட்டியா?" அவள் தலையாட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அலமாரிக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. தினமும் படுக்கப் போகும்போது பொட்டை எடுத்து அதன் வலது மூலையில் ஒட்டிவைப்பாள். எப்போதும் நாலைந்து இருக்கும். போகும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். அடையாள அட்டையிலிருந்த பொட்டை எடுத்து அதே மூலையில் ஒட்டினேன்.

முதல் ஞாயிறு சாயங்காலம், அங்கே அது மதியம், நான் கொடுத்தனுப்பிய கருவியை மாட்டிக்கொண்டு அவள் வந்தாள். "வந்துட்டனுங்க" என்ற குரல் கேட்டது. கூடத்தின் நடுவே ஒரு தலை, இரண்டு கை, இடுப்புக்குக் கீழே காற்று. முகம் அவளுடையது மாதிரியும் இருந்தது, அவள் தங்கையுடையது மாதிரியும் இருந்தது. "காலில்லாம பேயாட்டம் இருக்கனுங்களா?" என்று சிரித்தாள். நான் ஏற்றிவைத்த வீட்டில் அவள் நடந்தாள். சுவர்கள் சரியாக இருந்தன. சின்னப் பொருள்கள் எல்லாம் உருகிப் போயிருந்தன; அடுப்பும் தோசைக்கல்லும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே அவளுடைய நிஜ அறை ரொம்பச் சின்னது. நாலாவது அடியில் கட்டிலில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு பத்து நிமிஷம்தான் இருந்தாள். வயதானவர்களைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை, அதன்மேல் இந்தக் கனத்தையும் கழுத்தால் சுமக்க முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தவள், நேரே படுக்கையறைப் பக்கம் மிதந்து போனாள்.

"ஏனுங்க, நான் கண்ணாடிக்குள்ள போயிட்டனுங்க."

எனக்குப் புரிந்தது. ஸ்கேன் செய்தபோது அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தையெல்லாம் கருவி இன்னொரு அறை என்று நினைத்து அளந்து வைத்திருக்கிறது.

"இங்கயும் ஒரு ஊடு இருக்குது. எல்லாம் எடம் வலமா மாறிக் கெடக்குது. கட்டில் இருக்குது, ஜன்னல் இருக்குது. ஒரு சத்தமில்லீங்க. இங்க நீங்களும் இல்ல, நானும் இல்ல." அவள் குரல் மாறியது. "நான் பொட்டு ஒட்டற மூலையப் பாத்தேன். வெறும் ஓட்டையா இருக்குதுங்க."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு போனில் வீடியோ கால் போட்டேன். அவளும் கழற்றியிருந்தாள். ஸ்வெட்டர், கலைந்த தலை, கன்னத்தில் பட்டைத் தழும்பு, பின்னால் ஜன்னலில் மழை. சின்னத் திரைதான், ஆனாலும் அது அவள் முகம். போனை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போய், கேமராவைத் திருப்பிக் கண்ணாடியைக் காட்டினேன்.

"அந்தப் பொட்டு ஏதுங்க? நாந்தான் எல்லாத்தையும் தொடச்சுட்டு வந்தனே."

சொன்னேன். சென்சார்மேல் ஒட்டியிருந்தது, கருவி தூங்காமல் இருந்தது, மேஜை, முறம், எல்லாம் சொன்னேன். அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பீன்ஸ் எறிஞ்சதுமா?"

"அதும்தான். குனிஞ்சுட்டேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப, அத்தனையும் கேட்டுட்டுத்தானா பவர் பேங்க் எடுத்துட்டியான்னு கேட்டீங்க?"

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு, கண்ணைச் சுற்றி வியர்வை. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கஷ்டமா இருக்கு" என்றேன். "ரொம்பக் கஷ்டமா இருக்கு. சாயங்காலம் வந்து லைட்டப் போடவே கை வரல. நீ போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவள் ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத்தானுங்க," என்றாள், "ஊட்டுக்கு வந்தாப்புல இருக்குது."