சீமாட்டி மலையின் சக்களத்தி

வரைபடத்தில் அந்த மலைக்கு யாரோ ஒரு தளபதியின் பெயர். சல்ஃபர் வெல்ஸ் ஊரில் அதற்குப் பெயர் சீமாட்டி. அடிவாரத்தில் கள்ளியே கருகிப்போகிற வெயில் அடிக்கும்போது உச்சியில் பனி படிந்திருக்கும். "சீமாட்டி இன்னிக்கு முக்காடு போட்டிருக்கா" என்று காலையில் காபி குடிக்க வருகிறவர்கள் சொல்வார்கள். கடைக்காரி வெர்டா டட்டிலுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு சமதரையில் நாள் முழுக்க நிற்பாள். மேடு ஏற முடியாது. அவள் கணவன் ஹார்லனுக்கோ மேடு ஏறுவதுதான் பிழைப்பு. கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றி, வேட்டைக்காரர்களையும் மலையேறிகளையும் மேலே கூட்டிப்போவான். பனி இளகினால் கிளம்பிவிடுவான். இலையுதிர் காலம் வரை பாதி நாள் வீடு தங்க மாட்டான். திரும்பி வரும்போது சட்டையில் பைன் பிசின் வாசனை அடிக்கும். வேறொருத்தியின் அத்தர் மணத்தைக் கண்டுபிடித்தவள்போல வெர்டா அந்தச் சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசுவாள்.

"மேல என்ன பாத்த?" என்று கேட்டால், "என்னத்த, பாறைதான்" என்பான்.

பிறகு கொரின் ப்ரெண்டிஸ் வந்தாள். பல்கலைக்கழகத்தில் செடிகொடி ஆராய்கிறவள். கோடைதோறும் ஹார்லனின் கழுதைகளோடு மேலே போய்க் கூடாரம் போடுவாள். ஒருநாள் கடையில், காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு ஹார்லன் அவளிடம் பேசிக்கொண்டிருந்தது வெர்டாவின் காதில் விழுந்தது. கிழக்குச் சரிவில் ஒரு ஊற்று. விடியலில் பெருங்கொம்புக் காட்டு ஆடுகள் அங்கே இறங்கும். கிடாக்கள் முட்டிக்கொள்கிற சத்தம் துப்பாக்கி வெடித்தாற்போலக் கேட்கும். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அந்த ஊற்றைப் பற்றி வெர்டாவிடம் அவன் மூச்சு விட்டதில்லை.

லாரிக்காரன் ஒருவன் வேறு வாயைக் கிளறினான். "என்ன வெர்டா, உன் வீட்டுக்காரன் ரெண்டு பொம்பளைங்களோட சுத்துறான்போல. ஒருத்தி கல்லு, இன்னொருத்தி காலேஜு."

"முட்டை ஆறிப்போகுது. தின்னுட்டுக் கிளம்பு" என்றாள் வெர்டா.

அந்தக் குளிர்காலத்தில்தான் டிலேனி வந்தான். உச்சிக்கு ரோப் கார் போடத் திட்டமிட்ட கம்பெனியின் ஆள். வெர்டாவின் பேரீச்சம்பழ மில்க்ஷேக்கைப் புகழ்ந்துகொண்டே சொன்னான்: "ஒரு சிகரெட் பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள உச்சிக்குப் போயிடலாம் மேடம். காலே நோகாது."

மாவட்ட வாரியம் பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்டது. ஹார்லன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"அங்க ஒரு சத்தமும் கிடையாது. எவ்வளவு செலவழிச்சாலும் அந்த அமைதியைத் திரும்பச் செய்ய முடியாது. அவ்வளவுதான்."

முதலில் கை தட்டியவள் கொரின். கண் கலங்கியிருந்தாள். அந்தக் கைதட்டல்தான் வெர்டாவை எழுப்பியது.

"எம் பேரு வெர்டா டட்டில். இப்பப் பேசினாரே, அவரு பொண்டாட்டி." அரங்கம் சிரித்தது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மலையடியிலதான் சமைச்சுக் கொட்டுறேன். என் அடுப்படி ஜன்னல்ல அதோட பாதந்தான் தெரியுது. காலு நல்லா இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் மலையா? நானும் ஒருதடவை பாக்கணும்."

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கொரின் கை தட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது. வாரியம் அனுமதி கொடுத்தது.

வண்டியில் வீடு திரும்பும்போது ஹார்லன், "நல்லாப் பேசின" என்றான். அதற்கப்புறம் மலையைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கிடையாது. பாறை என்றுகூடச் சொல்வதில்லை.

வெடி வைத்தார்கள். ஹெலிகாப்டரில் இரும்புத் தூண்களைத் தூக்கிப்போனார்கள். ஆடுகள் கிழக்கு ஊற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டன. ரோப் கார் ஓடத் தொடங்கியதும் வெர்டா தனியாகத்தான் போனாள். ஹார்லன் வர மறுத்துவிட்டான்.

உச்சியில் ஒரு உணவகம், பாட்டுப் பெட்டி, காகிதக் கோப்பைகள், ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிற கூட்டம். ஊன்றுகோலோடு கம்பித் தடுப்பைத் தாண்டி நடந்து, பின்சரிவைப் பார்த்த ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்தாள். காற்று சில்லென்று நெஞ்சுக்குள் இறங்கியது. அந்த வாசனை அவன் சட்டையில் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு. இத்தனை வருஷம் இதையா தனியாக அனுபவித்தான் என்று நினைத்தாள்.

வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த கொரின் அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"உங்கமேல எனக்குக் கோவந்தான், மிசஸ் டட்டில். ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல. வருஷா வருஷம் உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், அவங்களையும் ஒரு கழுதைமேல உக்கார வச்சுக் கூட்டிட்டு வரக்கூடாதான்னு. உங்களுக்குக் குளிர் ஒத்துக்காதுன்னாரு."

"குளிரா? எனக்கா?" என்றாள் வெர்டா.

வீட்டில் ஹார்லன் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் கழுதைமேல வந்திருக்கலாமா?"

அவன் நிமிரவில்லை. "வந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் கூட்டிட்டுப் போகல?"

துணியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டான். "போனா உனக்குப் பிடிச்சுப் போயிருக்கும்."

அடுப்படியில் கிடந்த ஈரத் துணியை எடுத்து அவன் முகத்தில் விட்டெறிந்தாள். மலையேறிகளைக் கூட்டிப்போனது கூலிக்கு. அவர்கள் இறங்கியதும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மலை மறுபடி அவனுடையதாகிவிடும். பொண்டாட்டியைக் கூட்டிப்போனால் பங்கு கொடுத்தாக வேண்டும். இவள் ஒரு பக்கம் பொறாமையில் வெந்துகொண்டிருந்தாள் என்றால் அவன் மறுபக்கம் மலையைப் பூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து கடை விடுமுறை நாள்தோறும் மேலே போனாள். அவனை ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை.

டிலேனி மறுபடி வந்தான். மலையின் பின்சரிவில் மரங்களை வெட்டிப் பனிச்சறுக்குப் பாதை போடப்போகிறார்களாம். "போன தடவை மாதிரியே நாலு வார்த்தை பேசிடுங்க மேடம்."

பேசினாள். "ஆட்டுக்கும் பூவுக்கும் பேச மிஸ் ப்ரெண்டிஸ் இருக்காங்க. என் விஷயம் பொறாமை. இப்பத்தான் எனக்குன்னு ஒரு மரத்தடி கிடைச்சிருக்கு. அங்க எவனும் சறுக்கிட்டு வர்றது எனக்குப் பிடிக்கல."

"ஏறினதும் ஏணிய எட்டி உதைக்கிறியா வெர்டா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஆமா. உதைக்கத்தான் வந்திருக்கேன்."

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. வாரியம் முடிவைத் தள்ளிப்போட்டது. கம்பெனிக்கும் ஆர்வம் வற்றியது. பின்சரிவில் சக்கரம் உருளக்கூடாது, கட்டடம் எழும்பக்கூடாது என்று சில வருஷம் கழித்துச் சட்டமே வந்தது.

அதற்குள் ஹார்லனின் தொழில் படுத்துவிட்டது. இரண்டு கழுதைகள்தான் மிச்சம். ஒரு செப்டம்பர் காலையில் ஒன்றுக்குச் சேணம் பூட்டிக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வெர்டா கொஞ்சநேரம் அவனைக் காக்க வைத்தாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பின்சரிவில், அவளுக்குத் தெரியாத ஒரு பள்ளத்துக்கு மேலே கழுதையை நிறுத்தினான். கீழே தண்ணீர் தேங்கிய பாறைக் குழி. அதைச் சுற்றிப் பெருங்கொம்பு ஆடுகள், குட்டிகளோடு.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றான்.

மறு கோடையில் கொரின் கடைக்கு வந்து, பின்சரிவில் எங்காவது ஆடு தென்பட்டதா என்று கேட்டாள். பாவம், ஓய்ந்துபோயிருந்தாள். வெர்டா அவள் கோப்பையில் விளிம்பு வரை காபி ஊற்றினாள்.

"தெரியலியே" என்றாள்.