எண்ணெய்ச் சட்டிக்கு உத்தரவு

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் விடுதியில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஹாஸ்டல் டே, குரூப் போட்டோ, நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பது, ரயில் கன்செஷன் சீட்டில் வார்டன் அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது, அதற்குப் பின்னாலேயே பரீட்சை. திருப்பதியில் நான் இன்டர் இரண்டாம் வருஷம் படித்த அந்தப் பங்குனியில் இவற்றோடு அம்மையும் வந்து சேர்ந்தது.

முதலில் அது ஒரு திருத்தணிக்காரிக்குப் போட்டது. அடுத்ததாக எனக்கு.

எங்கள் இருவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ஹாஸ்டல் டே கமிட்டியில் இரண்டு பேரும் இருந்தோம். இறைவணக்கம் எந்த மொழியில் முதலில் பாடுவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆந்திரம் தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும், சித்தூர் ஜில்லாவில் எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. பஸ்ஸில், சந்தையில், மெஸ்ஸில் சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட அதே பேச்சு. எங்கள் வீடு நகரிப் பக்கம். தமிழ்க் குடியானவர்கள். அவளுடைய வீடு திருத்தணிக்குப் பக்கத்தில். தெலுங்குக் குடும்பம்.

"இதி ஆந்திரா. இக்கட தெலுகே முந்து" என்று அவள் கையை மேஜைமேல் வைத்துச் சொன்னாள். இது ஆந்திரா, இங்கே தெலுங்குதான் முதலில் என்று அர்த்தம்.

நான் விடவில்லை. விடுதியில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள், தமிழ்தான் முதலில் என்று எழுந்து நின்றே வாதாடினேன். முழுக்கத் தெலுங்கில் வாதாடினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்குப் பள்ளிக்கூடம். கோபம் வந்தால் எனக்குத் தெலுங்குதான் தடையில்லாமல் வரும். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது ஏன் என்று எனக்கு அறைக்குப் போன பிறகுதான் உறைத்தது. வார்டன் அம்மா தமிழும் வேண்டாம் தெலுங்கும் வேண்டாம் என்று ஒரு சமஸ்கிருத சுலோகத்தைப் போட்டுக் கூட்டத்தை முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் என்னைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் போவாள். நானும் அப்படித்தான்.

அப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே அறையில் போட்டார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால், கிணற்றங்கரைக்கு அந்தப் பக்கம், நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு ஓட்டு அறை இருந்தது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. முகத்தில் பழைய அம்மை வடு உள்ளவர் என்பதால் வார்டன் அம்மா ஒருவர் மட்டும் உள்ளே வருவார். கதர்ப் புடவை, கையில் எப்போதும் குடை. சித்தூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இங்க பாருங்க, ரெண்டு பேரும் நகத்தை ஒட்ட வெட்டிக்கோங்க. சொறிஞ்சா தழும்பு நிக்கும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. அர்த்தமைந்தா?"

"அர்த்தமைந்தி" என்று இருவரும் புரிந்ததாகச் சொன்னோம். அவர் போனதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் ஜன்னல்பக்கம்.

உடம்பு பூராவும் நமைச்சல். இளநீர், மோர்ச் சோறு, மறுபடி இளநீர். மத்தியானம் ஓடு காய்ந்து அனலாக இறங்கும். அவள் வேப்பங்கொத்தால் தன் கையைத் தடவிக்கொள்கிற சத்தமும் நான் தடவிக்கொள்கிற சத்தமும் தவிர அந்த அறையில் வேறு சத்தம் கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கும் ஒருத்தியோடு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹாஸ்டல் டேக்கு முந்தின நாள் மெஸ்ஸில் ஒரு கலாட்டா. எங்கள் சமையல்கார அம்மா புத்தூர்ப் பக்கத்து மனுஷி. பெரிய உடம்பு, பெரிய குரல். வருஷா வருஷம் ஹாஸ்டல் டேக்கு அவள் போடும் உளுந்து வடைக்காகவே பழைய மாணவிகள்கூட வந்து நிற்பார்கள். அந்த அம்மாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கிணற்றுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது.

"காம்பவுண்டுக்குள்ள அம்மா வந்து எறங்கிக்கினு கீறா. நீங்க எண்ணெச் சட்டி வெக்கச் சொல்றீங்க! தாளிக்கறதையே நிறுத்திட்டேன். பொண்ணுங்களுக்கு இன்னான்னா ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

வார்டன் அம்மா சொல்லிப் பார்த்தார். டாக்டர் வந்து சொல்லிப் பார்த்தார். கமிட்டிப் பெண்கள் கெஞ்சினார்கள். தாளிக்காத சாம்பாரை ஏற்கெனவே சில நாளாகச் சாப்பிட்டு வந்த கோபம் அவர்களுக்கு. ஹாஸ்டல் டே அன்றும் வடை இல்லை என்றால் எங்கள் இருவரையும் அவர்கள் மன்னிக்கப்போவதில்லை என்று தோன்றியது.

கடைசியில் வார்டன் அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். "சரி, உன் தாயையே கேட்டுட்டு வா. வேணாம்னு சொன்னா விட்டுடலாம்."

சாயங்காலம் சமையல்கார அம்மா தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு, மஞ்சள் கரைத்த செம்புடன் எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தள்ளி, கிணற்றடியில், பாதி விடுதி நின்றது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக் கேட்டாள்:

"தாயீ, நாளைக்குக் கொழந்தைங்க துன்றதுக்கு எண்ணெச் சட்டி வெக்கலாமா? உத்தரவு குடு."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. என்னைத்தான் தாயே என்கிறாள் என்று தெரிந்ததும், "வெச்சுக்கோம்மா, தாராளமா வெச்சுக்கோ" என்றேன்.

"நீ ஒருத்தி சொன்னா ஆச்சா? உம் மேல ஒரு தாயி, அது மேல ஒரு தாயி. ரெண்டு வாயும் சொல்லணும்."

திருத்தணிக்காரி சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். அசையவில்லை. கிணற்றடியிலிருந்து, "செப்பவே! செப்பவே! சொல்லுடி!" என்று இரண்டு மொழியிலும் கூச்சல். சமையல்கார அம்மா செம்பைக் கீழே வைக்காமல் நின்றாள். திருத்தணிக்காரி வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்கு எரிச்சல். வேறு வழியில்லாமல் நான்தான் வாயைத் திறந்தேன். என்மேல் இருக்கும் கோபத்தை வடைமேல் காட்டாதே, ஒரு வார்த்தை சொல்லித் தொலை என்று தெலுங்கில் சொன்னேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் கொப்புளம். கண் மட்டும் சிரித்தது.

"நீ இன்னாத்துக்கு எப்பப் பாரு எங்கிட்ட தெலுங்குலயே பேசறே? எனக்குத் தமிழ் வராதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

தமிழ் என்றால் அப்படியொரு தமிழ். என் தமிழைவிடச் சுத்தமாக எங்கள் பக்கத்துத் தமிழ். எங்கள் தெருவில் அடுத்த வீட்டுப் பெண் பேசுவது போல இருந்தது.

"எங்க தெருவுல முக்கால்வாசி தமிழுதான்" என்றாள். "ஊட்டுக்குள்ள தெலுங்கு, வாசல்ல எறங்கினா தமிழு."

"அப்போ கூட்டத்துல ஏன் அப்படிக் கத்தினே?"

"நீ தெலுங்குல கத்துனே. நானும் கத்துனேன்."

ஜன்னலில் சமையல்கார அம்மா பொறுமை இழந்தாள். "தாயீ, அப்புறம் பேசிக்கலாம். எனக்கு உளுந்து ஊற வெக்கணும்."

திருத்தணிக்காரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, அம்மன் மாதிரியே கையை உயர்த்தி, "வெச்சுக்கோ. ஆனா புளியமரத்தாண்ட வெளில வெச்சுக்கோ. புகை இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று உத்தரவு கொடுத்தாள். அந்த அம்மாள் பரம திருப்தியாக மஞ்சள் தண்ணீரை நிலைப்படியில் ஊற்றிவிட்டுப் போனாள். கிணற்றடியில் கை தட்டினார்கள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கொப்புளம் வலித்தது.

மறுநாள் காலையிலிருந்தே ஒலிபெருக்கிக்காரர் வந்து குழாய் கட்டினார். வார்டன் அம்மா குடையை நீட்டி ஒரு குழாயை மட்டும் எங்கள் அறைப்பக்கம் திருப்பச் சொன்னதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். மேடைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒற்றைக் குழாய் எங்களுக்காக நின்றது.

வெயில் தாழ்ந்ததும் சுலோகம் கேட்டது. அப்புறம் ஆண்டறிக்கை. அப்புறம் நாடகம். அதில் போலீஸ்காரன் வேஷம் எனக்குக் கொடுத்திருந்தது. எனக்குப் பதிலாக முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி போட்டாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். திருடனைப் பிடிக்கும் இடத்தில் குழாய் திடீரென்று ஊமையாகிவிட்டது. வசனம் மறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். கட்டிலின் மேல் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தைக் கத்தினேன். ஒத்திகையில் கேட்டுக் கேட்டுத் திருத்தணிக்காரிக்கும் அது மனப்பாடம். அவளும் சேர்ந்து கத்தினாள். அது மேடைவரைக்கும் எங்கே கேட்கப்போகிறது! ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே வசனம் குழாயில் வந்தது, தொடர்ந்து பெரிய சிரிப்பு. எங்களால்தான் வந்தது என்பதுபோல நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குதித்தோம். அந்தச் சிரிப்புக்குக் காரணம் திருடனின் ஒட்டு மீசை என்று மறுநாள் கிணற்றடியில் நின்று சொன்னார்கள்.

நாங்கள் உத்தரவு கொடுத்த வடை எங்களுக்கு வரவில்லை. அம்மை போட்டவர்கள் எண்ணெய் தொடக்கூடாதாம். பாயசம் வந்தது.

ஹாஸ்டல் டே முடிந்ததும் விடுதி பரீட்சைக்குள் போய்விட்டது. எங்களுக்குப் பயம் பிடித்தது. கல்லூரி ஆபீஸில், இந்த இரண்டு பெண்களும் செப்டம்பரில் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். செப்டம்பர் என்றால் எனக்கு அர்த்தம் வேறு. வீட்டில் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை ஊருக்குப் போனால் பரீட்சைக்கென்று திரும்பி வரவிட மாட்டார்கள். இதை அவளிடம் சொன்னேன். அவள் வார்டன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருக்க மாட்டேன்.

வார்டன் அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். டாக்டர் சர்ட்டிபிகேட்டை மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டு, குடையை விரித்து, உச்சி வெயிலில் ஆபீஸுக்கு நடந்தார். அடுத்த நாளும் நடந்தார். மூன்றாம் முறை திரும்பி வந்து நிலைப்படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"எழுதலாம். விளையாட்டுச் சாமான் வைக்கிற ரூம்ல. டிரில் டீச்சர் உட்காருவாங்க, அவங்களுக்குச் சின்ன வயசுலயே வந்தாச்சு. இனிமே சதவண்டி. படிங்க."

புத்தகங்களைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நூலகத்தில் எங்களுக்குக் கொடுக்கவில்லை. அதனால் தோழிகள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் முறை வைத்து உட்கார்ந்து, சரித்திரமும் லாஜிக்கும் உரக்கப் படித்தார்கள். பாடமெல்லாம் இங்கிலீஷ். புரியாத இடத்தில் திருத்தணிக்காரி கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி எனக்குத் தமிழில் விளக்குவாள். அவளுக்கு லாஜிக் நன்றாக வரும். எனக்குத் தெலுங்குப் பாடம் நன்றாக வரும். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் சண்டையை நினைத்தால் அவமானமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பந்து வலைக்கும் உடைந்த பாட்மின்டன் மட்டைகளுக்கும் நடுவில் பரீட்சை எழுதினோம். டிரில் டீச்சர் எங்கள் விடைத்தாள்களை இரண்டு வேப்பங்குச்சியால் இடுக்கிபோல் பிடித்து உறையில் போடுவார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். அவள் மேஜைக்கடியில் என் காலை மிதிப்பாள்.

கடைசிப் பரீட்சைக்கு முன்பே எங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் காயவைத்த அண்டாத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, சமையல்கார அம்மா மொள்ள, வார்டன் அம்மா ஊற்றினார். ஊற்றி முடித்து என் தலையைத் துவட்டும்போது, "பரவால்லடி, தழும்பு கம்மிதான்" என்றார். என்னை அவர் 'டி' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

விடுதி மூடும் நாளில் என் அப்பா, வீட்டில் நாங்கள் நைனா என்போம், என்னை அழைத்துப்போக வந்தார். ஒரு கோணி நுங்கைக் கொண்டுவந்து விடுதிக்கு இறக்கினார். திருத்தணிக்காரிக்குத் துணைக்கு ஆள் வரவில்லை என்றதும் அவளையும் கூட்டிக்கொண்டார். ஒரே ரயில் பாதைதான். முதலில் எங்கள் ஊர், அப்புறம் திருத்தணி. ரேணிகுண்டாவில் வண்டி மாறினோம். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் எதிரே இருந்த குடும்பம் மூட்டை முடிச்சோடு எழுந்து போய்விட்டது. நெரிசலான வண்டியில் எங்களுக்கு மட்டும் முழுசாக இரண்டு பலகை. நைனா காலை நீட்டிக்கொண்டு, "நல்லாத்தான் கீது. வருஷா வருஷம் இதும்மாதிரி வந்தா சௌக்கியமா போய்க்கினு வரலாம்" என்றார். அவள் சிரித்துச் சிரித்துப் பெட்டிமேல் சாய்ந்தாள். நைனாவோடு வழியெல்லாம் கரும்பு விலை, மழை, மாடு என்று பேசிக்கொண்டே வந்தாள்.

எங்கள் ஸ்டேஷனில் இறங்கி அவளை வழியனுப்பிவிட்டு வெளியே வரும்போது நைனா சொன்னார்: "ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கினு போறப்போ அவங்க ஊட்டுலயே எறங்கிக்கலாம். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

நாங்கள் இருவரும் தேறினோம். ஆடியில் அவர்கள் வீட்டில் இறங்கினோம். அவளுடைய அம்மா எங்களுக்குக் குளிக்க வெந்நீர் போட்டு, மலை ஏறும்வரை கூடவே வந்தார். கொஞ்ச காலத்தில் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. அவள் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள், என் பிள்ளைகள் தெலுங்கில். ஆடி பிறந்தால் அவளிடமிருந்து ஒரு கார்டு வரும், எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை பேருக்குச் சமைக்கட்டும் என்று. நாங்கள் போவோம்.