எமிலியாவிடம் இரவல் வாங்கிய வரி

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நாகேஸ்வரியும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம், இரண்டு பெண்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. முகத்தைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம். பகலில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட். வேலை முடிந்ததும் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவாள். அங்கே ஸ்ரனிஸ்லாஸ் என்ற ஓய்வுபெற்ற பெரியவர் தன் பூட்டியின் கடிதங்களை டைப் செய்வித்துக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினைந்து வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் கடிதங்கள். நாடு கிடந்த கிடையில் மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

பூட்டியின் பெயர் எமிலியா. பத்தொன்பது வயதில், காலி நகரில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு வாரம் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாள். யார் வீட்டு விருந்தில் யாரோடு ஆடினாள், மழையில் தொப்பி எப்படி நாசமானது, பூசைக்கு எவள் எந்தச் சட்டையோடு வந்தாள், எல்லாம் உண்டு. முடிவு மட்டும் எப்போதும் ஒன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிட்டாயா, உன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும் போல இருக்கிறது. நாகேஸ் அதைத் தமிழில் எனக்குச் சொல்லுவாள். எமிலியாவுக்கு வேறு வேலையில்லை என்று நான் நக்கலடிப்பேன். நாகேஸ் சிரிக்கமாட்டாள்.

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. அவளுடைய தம்பி ஸ்ரீஸ்கந்தராசாவை மூன்று மாதத்துக்கு முன் ஒரு லொட்ஜில் நடந்த பொலிஸ் செக்கிங்கில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சட்டத்தரணியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் தனியே இருந்த அம்மாவுக்கு இருதய வருத்தம். அவருக்கு இது தெரியக்கூடாது என்று நாகேஸ் பிடிவாதமாக நின்றாள். தம்பிக்கு வேலை கூடிவிட்டது, எழுத நேரமில்லை என்றே எழுதிவந்தாள். ஊருக்குப் போகிறவர்களிடம்தான் கடிதம் கொடுத்தனுப்புவோம், உறையை ஒட்டாமல். வழியில் யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள். அதனால் எங்கள் கடிதங்களில் நலம், நலமறிய ஆவல் என்பதைத் தாண்டி ஒரு பாசமும் இராது.

ஒருநாள் அம்மாவிடமிருந்து கண்டிப்பாக ஒரு கடிதம் வந்தது. தம்பியின் கையெழுத்தில் இரண்டு வரி வரவேண்டும், இல்லாவிட்டால் தானே கொழும்புக்கு வெளிக்கிடுவேன் என்று. அந்த இருதயத்தோடு, சண்டைக்கு நடுவே, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து.

உண்மையைச் சொல்லிவிடச் சொன்னேன். நாகேஸ் கேட்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் தம்பியின் வீட்டுவேலையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அவனுடைய சாய்ந்த எழுத்து அவளுக்குக் கைவந்தது. என்ன எழுதுவதென்றுதான் ஓடவில்லை. களைப்போ, மாதக்கணக்காக எமிலியாவோடு கிடந்த பழக்கமோ, "நேரத்துக்குச் சாப்பிட்டீங்களோ அம்மா, உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருக்கவேணும் போல கிடக்கு" என்று எழுதிவிட்டாள். இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கடிதம் என்றேன். எனக்கும்தான் புத்தி எங்கே போயிருந்ததோ.

ஐந்து கிழமை கழித்து மறுமொழி வந்தது. நாகேஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து வாசித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"பிள்ளை, தம்பி எழுதினதெண்டு நீ அனுப்பின கடிதம் கிடைச்சது. இந்த இருபத்திரண்டு வருசத்தில அவன் ஒருநாளும் என்னைச் சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டவனில்லை. என்ன நடந்ததெண்டு உனக்குச் சொல்ல ஏலுமான நேரம் சொல்லு. நான் வெளிக்கிடேல்லை, பயப்பிடாதை. இவ்வளவையும் தனியச் சுமக்கிற உன்னைச் சாப்பிட்டியோ எண்டு ஆர் பிள்ளை கேக்கிறது?"

எட்டு மாதம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அன்றுதான் கேட்டேன்.

காலையிலிருந்து ஒன்றுமில்லை என்றாள்.