எடை கூடிய கட்டு

என் சித்தி மகளைக் கட்டியவருக்கு எங்கள் குடும்பத்தில் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இரவல் போன பாத்திரம் வீடு திரும்பினால், தேய்மானம் உண்டா என்று கையில் தூக்கிப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது அவர் கண் முகத்துக்குப் போகாது, பைக்குப் போகும். ஒரு தடவை என் பையையே உற்றுப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க மச்சான், கண்ணு தானாப் போகுது" என்றார். நானும் பையை விரித்துக் காட்டினேன். உள்ளே ஒரு துண்டும் மூக்குக் கண்ணாடியும் இருந்தன. கண்ணாடிக் கூட்டையும் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். சொல்லவில்லை, ஆனால் நினைத்தார்.

அவர் உத்தியோகம் அப்படி. பழைய ஆவணங்கள் இருக்கும் கட்டடத்தில் வாசிப்பு அறைக்கு அவர்தான் காவல். உயரமான ஜன்னல்கள், நீள மேசைகள், பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். சுவரோரம் திறந்த அலமாரிகளில் அச்சுப் புத்தகங்கள். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன் ஆண்ட ராஜாக்களைப் பற்றி, படித்தவர்கள் பிற்பாடு எழுதியவை. உள் அறையில் இருப்பதோ அந்தக் காலத்து ஆட்களே தங்கள் கையால் எழுதியவை: வரிக் கணக்கு, வழக்குத் தீர்ப்பு, தானப் பத்திரம், வியாபாரி வீட்டுக்குப் போட்ட கடிதம். தோல் ஏடுகளாகவும் காகிதமாகவும் நாடாவால் கட்டி வைத்திருப்பார்கள்.

புத்தகம் எழுதுபவன் கேட்டவன், கட்டுக்குள் இருப்பவன் பார்த்தவன். இதைத்தான் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்திருந்தது. வீட்டிலும் அதே சட்டம். என் தங்கை கடைத்தெருவிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தால், "பாத்தியா, கேட்டியா?" என்பார். கேட்டது என்றால் அவருக்குக் காது கேட்காது.

வாசகர் வந்து ஒரு கட்டைக் கேட்டால், முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் வைத்து நிறுப்பார். அது நகைக்கடையில் இருக்கும் தராசு. எடையைக் கட்டின் அட்டையில் பென்சிலால் குறிப்பார். திருப்பித் தரும்போது மறுபடி நிறுப்பார். முள் அதே இடத்தில் நின்றால்தான் வாசகர் வெளியே போகலாம்.

அந்தத் தராசு வந்ததற்குப் பின்னால் ஓர் அவமானம் இருக்கிறது. மகள் தொட்டிலில் இருந்தபோது, ஆற்றுப் பாலத்தைப் பற்றிய கட்டிலிருந்து தோல் ஏடு ஒன்று காணாமல் போனது. விசாரணை வைத்தார்கள். என் சித்தப்பா, அதாவது அவருடைய மாமனார், நாலு பேர் முன்னால் நின்று, "எடுத்திருந்தா சொல்லிடுங்க மாப்பிள்ளை, பாத்துக்கலாம்" என்றார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைப்பு. இவர் கூடப் பிறந்த அண்ணன் அன்றைக்கு வாசலோடு திரும்பிப் போனவன், பிறகு அந்த வீட்டில் கால் வைக்கவே இல்லை. வேலை போகாமல் காப்பாற்றியது ஒரே ஒரு ஆள். தினமும் வந்து படிக்கும் சரித்திரப் பேராசிரியர், இவர் நேர்மையானவர், எடுத்திருக்க மாட்டார் என்று எழுதிக் கொடுத்தார். வேலை நின்றது, பதவி உயர்வும் நின்றது, வேறு மாதிரி. அதற்குப் பிறகுதான் இவரே மேலதிகாரியிடம் கெஞ்சித் தராசு வாங்கினார்.

மகள் வளர்ந்து, ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலைக்குப் போனாள். இவர் ஓய்வு பெறும் வருஷம் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை, செத்துப்போன அந்தப் பேராசிரியரின் மகன். அவனும் சரித்திரம் படித்து, இதே வாசிப்பு அறைக்கு வந்துபோகிறவன். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான் என்பதால் இவர் வைத்த பெயர் முழுக்கை. என் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. நமக்காகப் பேசின மனுஷனுடைய பிள்ளை தானாகத் தேடி வருகிறானே என்றாள்.

"பேசினது அப்பன். புள்ள என்ன பேசினான்?" என்றார் இவர். அவ்வளவு படித்தவன் காவல்காரன் வீட்டில் ஏன் பெண் கேட்கிறான்? உள் அறைச் சாவிக்குத்தான் மாப்பிள்ளை ஆகப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். மகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அப்பா மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை வாசிப்பு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்று என் தங்கை என்னிடம் சொன்னாள். மனுஷன் அந்த மாதம் அடிக்கடி கண்ணாடியை மறந்தார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் முழுக்கை வந்து, அந்தப் பாலத்துக் கட்டைக் கேட்டான்.

இவருக்கு உடம்பெல்லாம் கண்ணானது. நிறுத்துக் கொடுத்தார். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் விரலையே பார்த்தபடி உட்கார்ந்தார். ஏடு சட்டைக்குள் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. அவன் கட்டைத் திருப்பித் தந்தான். தராசில் வைத்தார். முள் குறித்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

குறைந்தால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது. கூடினால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. அவன் போன பிறகு நாடாவை அவிழ்த்தார். போலி ஒன்றைச் செருகிவிட்டான் என்றுதான் நினைத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தவர் கை ஓரிடத்தில் நின்றது. எலி கடித்த மூலை. அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மூலை மடங்காமல் எத்தனை தடவை கட்டியிருப்பார். காணாமல் போன அதே ஏடு.

திரும்பி வந்த எடையை அட்டையில் குறிக்காமல் கட்டை உள்ளே வைத்துவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து கூடம்வரை வந்துவிட்டார்.

"மச்சான், ஏடு கிடைச்சிருச்சுன்னு சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? இத்தனை நாள் நானே வெச்சிருந்து, வேலை முடியப் போகுதேன்னு பயந்து திருப்பி வெச்சுட்டேன்னு சொல்லுவாங்க."

அவன் பெயரைச் சொல்லலாமே என்றேன்.

"சொன்னா எம் பொண்ணு?"

விஷயம் அதுதான். அவனைக் காட்டிக் கொடுத்தால் மகள் வாழ்க்கை. கொடுக்காவிட்டால் மறுபடி திருடன் பட்டம், இந்தத் தடவை எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

மறுநாள் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு அவனை அழைத்தோம். இவர் சுற்றி வளைக்கவில்லை. ஏது அந்த ஏடு என்றார். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னான். அப்பா இறந்த பிறகு அவர் எழுதிய புத்தகத்தின் சொந்தப் பிரதியைத் திறந்தானாம். ஏடு உள்ளே இருந்ததாம். அந்தப் பாலத்தை ராஜா கட்டினார் என்று அப்பா புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஏட்டில் இருப்பதோ வேறு: ஓடக்காரர்கள் தங்களுக்குள் வசூல் செய்து கட்டியது, ராஜா திறந்து வைக்கத்தான் வந்தார். புத்தகம் அச்சாகி, பிள்ளைகளுக்குப் பாடமாகவும் ஆன பிறகுதான் அப்பாவுக்குத் தப்பு தெரிந்திருக்க வேண்டும். வேறு யாரும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க...

"எடுத்துட்டாரு" என்றார் இவர். "அப்புறம் எனக்கு நல்லவன்னு எழுதியும் குடுத்தாரு."

இவர் எடுக்கவில்லை என்று அந்தப் பேராசிரியரைவிடத் தெரிந்தவர் யார்? எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தார். மகள் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பிறகு அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கப்பா செஞ்சதுக்கு ஈடு கட்டத்தான் என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல. ஏடு கிடைச்சது மூணு மாசம் முன்னாடி. உங்களைக் கேக்கணும்னு நினைச்சது அதுக்கு ரொம்ப முன்னாடி."

"அது நீங்க சொல்லி நான் கேக்கறது" என்றாள். "போய் அதிகாரிகிட்ட சொல்லுங்க. உங்கப்பா பேரு, புஸ்தகத்துப் பேரு, எல்லாம். அதை நான் பாக்கறேன்."

அப்பனுக்குத் தப்பாத பெண். என் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தம் போச்சு என்று நானும் நினைத்தேன். அப்பாவின் பெயரைத் தன் வாயால் கெடுக்க எந்தப் பிள்ளை போவான்?

அவன் போனான். மகளும் நாங்களும் அதிகாரி அறை வாசலில் நின்றோம். அதிகாரி லேசில் நம்பவில்லை. வரப்போகிற மாமனாரும் மருமகனும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறீர்களா என்றே கேட்டுவிட்டார். அப்போது அவன் அப்பாவின் பிரதியை மேசையில் விரித்தான். நடுவில் இரண்டு பக்கங்களில் பழுப்புக் கறை, ஏட்டின் அளவுக்கு. அதிகாரி ஏட்டைக் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் வைத்தார். எலி கடித்த மூலைவரை கறை பொருந்தியது. திறந்த அலமாரியில் இருந்த அந்தப் புத்தகத்தைத் தனியே எடுத்து வைக்க உத்தரவானது. அவன் தலை குனிந்தபடி வெளியே வந்தான். மகள் அவனிடமிருந்து அப்பாவின் பிரதியை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பதவி உயர்வு கிடைக்கவில்லை, காலம் கடந்துவிட்டதாம். குற்றமில்லை என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இவர் அதைத் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். கல்யாணம் நடந்தது. ஓய்வு பெறும் நாள்வரை மருமகன் வாங்கும் கட்டை மட்டும் இரண்டு தடவை நிறுத்தார், கூடினாலும் விடக் கூடாது என்று.

பாவம், அந்தப் பையன் மாமனார் மனம் அறிந்து, கல்யாணத்துக்குப் பிறகு அரைக்கைச் சட்டைக்கு மாறிவிட்டான். அன்றைக்கு இவர் என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"கவனிச்சீங்களா மச்சான்? இத்தனை வருஷம் இல்லாம, இப்ப எதுக்குக் கையைக் காட்டிக்கிட்டு வர்றான்?"